கடைசி வரியில் ஒரு பென்டோவி

எங்கள் ஊருக்கு வேலைக்கு வரும் தபால்காரர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. குறை அவர்களிடம் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில், கோதுமை வயலும் கடலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கிற கூரிண்டாவில், வீட்டுக்கு வீடு குடும்பப் பெயர் பென்டோவி. நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து செம்பு தோண்ட நான்கு அண்ணன் தம்பிகள் கப்பலேறி வந்தார்கள். செம்பு தீர்ந்துவிட்டது. பென்டோவி தீரவில்லை.

இதில் யாருக்கும் பெரிய தொந்தரவில்லை, சங்கம் வரும்வரை.

சங்கத்தின் முழுப்பெயர் அகில உலக பென்டோவி குலப் பேரவை. அகில உலகம் என்றால் கூரிண்டா, அடிலெய்டு, டாஸ்மேனியா, அப்புறம் கனடாவில் ஓர் அம்மாள். முதல் கூட்டத்திலேயே சிக்கல். தலைவர் "அடுத்து மிஸ்டர் பென்டோவி பேசுவார்" என்றதும் பதினெட்டுப் பேர் எழுந்து பேசத் தொடங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து பெயரை விட்டுவிட்டு மரக் கணக்குக்குப் போனார்கள். நான், டெஸ் பென்டோவி, கூட்டத்துக்குள் நுழைந்தால் கிளை ஏழு, சுள்ளி மூன்று, இலை இருபத்திரண்டு. கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு எண் கிடையாது. அவர்களுக்குப் பெயர் 'ஒட்டு'. ஒட்டுகள் பேஸ்டி என்கிற கார்ன்வால் கறி அப்பம் சுடலாம், தேநீர் ஊற்றலாம், கை தட்டலாம். பேசக்கூடாது, தேவைப்பட்டால் சமையலறை ஜன்னல் வழியாகக் கேள்வி கேட்கலாம்.

என் மனைவி ரேலீன் ஓர் ஒட்டு. "இருபத்தஞ்சு வருஷமா உன் துணியத் துவைக்கிறேன், இன்னும் நான் வேர் பிடிக்கலயாமா?" என்று வருடத்துக்கொரு தடவை கேட்பாள். பழிவாங்கும் விதமாகச் சங்கத்துக்குப் பேஸ்டி சுடும்போது உள்ளே கேரட்டைத் துருவிப் போட்டுவிடுவாள். கேரட் போட்டவர் கார்ன்வால் பரம்பரையே இல்லை என்பது சங்கத்தின் மூன்றாவது விதி. அதைத் தின்றுவிட்டுத்தான் எல்லாரும் "பழைய ருசி, அப்படியே இருக்கு!" என்று கண் மூடுவார்கள்.

நான் சங்கத்தில் இருப்பதற்குக் காரணம் வம்சப் பெருமை இல்லை. நகரசபைக்குப் புல் வெட்டுகிறவன் நான். சங்கக் கூடத்தைச் சுற்றியும் புல் உண்டு. அதனால் சாவி என்னிடம் இருக்கிறது. சாவி வைத்திருப்பவனை வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டம் போட முடியாது.

கூடம் பழைய மெதடிஸ்ட் தேவாலயம். பிரசங்க மேடைக்குப் பின்னால், சுவர் முழுக்க, ஒரு மரப்பலகை. 'காலங்களைக் கடந்த பென்டோவிகள்.' பச்சை வண்ணத்தின்மேல் பொன்னெழுத்தில் இடது பக்கம் ஐம்பது, வலது பக்கம் ஐம்பது. ஐந்நூறு வருடத்துப் பெரிய மனிதர்கள்.

முதல் பெயர் ஜேகோ பென்டோவி. 1497-இல் வரியை எதிர்த்து கார்ன்வால் மக்கள் லண்டனுக்கு நடந்தபோது இவரும் கிளம்பினார். வழி தவறிப் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்து பதினோரு நாளாகியிருந்தது. 'கிளர்ச்சியின் கடைசி வீரர்' என்று சங்கம் இவரைக் குறிப்பிடுகிறது. கேப்டன் ஸக்கரையா பென்டோவி பசிபிக் கடலில் ஒரு தீவைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அந்தத் தீவை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாமஸ் பென்டோவி சுரங்கத்துத் தண்ணீர் இறைக்கும் பம்பில் பாதியைக் கண்டுபிடித்தவர். மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவரின் வம்சத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஆல்ஃப்ரெட் பென்டோவி 1911-இல் மாநிலக் கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாவது ஆள். வெயிலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் கொண்டுபோனார் என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னதாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

இடையில் டிக்கரி பென்டோவி. ஆடு திருடி, கை விலங்கோடு டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டவர். டாஸ்மேனியாக் கிளைக்கு அவர்தான் உயிர். ஒரு கைதியாவது இல்லாத வம்சத்தை அங்கே மனிதர்களாக மதிக்கமாட்டார்கள். எங்கள் மாநிலமோ கைதி கால் படாத மாநிலம் என்று மார்தட்டுகிற மாநிலம். மூன்று வருடம் சண்டை. கடைசியில் 'அரசுச் செலவில் பயணம் மேற்கொண்ட ஆரம்பகாலப் பயணி, கால்நடை ஆர்வலர்' என்று சமாதானமாகப் போனார்கள்.

இடது பக்கத்தின் நடுவில் ரெவரென்ட் ஹானிபல் பென்டோவி, 1760–1822. எங்கள் தலைவர் டாக்டர் ஜோவன் பென்டோவியின் நேர் மூதாதை. டாக்டர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். சங்கத்தில் பாதிப்பேர் வாயை அவர் பார்த்திருக்கிறார். அதனால் யாரும் அவர் முன்னால் வாய் திறப்பதில்லை. ஹானிபலின் பெயரை உச்சரிக்கும்போது அவருக்கு நிஜமாகவே குரல் தழுதழுக்கும். "ஐந்து மணி நேரம் பிரசங்கம் பண்ணுவாராம்" என்பார். "ஒரு பிரசங்கத்துல மூணு பேர் உயிரே போயிருச்சு. பரவசத்துல."

கடைசியாக, வலது பக்கம் ஐம்பதாவது வரி. மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் நிமிர்ந்து நிற்கிற அச்செழுத்து. இது மட்டும் சாய்வெழுத்து. ஆங்கில எல்லின் வால் பூனை வால் மாதிரி சுருண்டு கிடக்கும்.

எல். பென்டோவி, 1971.

வருடா வருடம் மே மாதத்தில் பெயர் வாசிப்பு விழா. தலைவர் ஒரு பெயரைப் படிப்பார். கூட்டம் எழுந்து "நம்ம ஆளு!" என்று முழங்கிவிட்டு உட்காரும். நூறு தடவை. ஜூன் முதல் வாரம் முழங்கால் வலி என்று வருகிறவர்களிடம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குடும்பப் பெயர் கேட்பதில்லை.

எல். பென்டோவி யார் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். விழா நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் அப்பா. அப்பா பெயர் லென். ஊரில் மீன்கடை, ரொட்டிக்கடை, சவக்கிடங்கு எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை எழுதியவர். தலைவர் "எல். பென்டோவி" என்றதும் இருநூறு பேர் எழுந்து முழங்கினார்கள். அப்பாவும் எழுந்து தன்னைத்தானே "நம்ம ஆளு!" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்து, என் காதில் சொன்னார்:

"அது என் கையெழுத்துடா. போர்டு எழுதி முடிச்சா கீழ கையெழுத்து போடறது வழக்கம். முதல் வருஷம் இவங்க அதையும் சேர்த்துப் படிச்சுட்டாங்க. எழுந்து நின்ன சனத்த எப்படிடா உட்காரச் சொல்றது?"

வேறெந்தச் சங்கத்திலும் இந்தத் தப்பு நடக்காது. மீன்பிடிப்போர் சங்கத்துப் பலகைக் கடைசியில் பெயிண்டர் பெயர் இருந்தால் பெயிண்டர் என்று தெரிந்துவிடும். இங்கே பெயிண்டரும் பென்டோவி. ஊரில் யாருக்கும் லென் மீது சந்தேகம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெரிய மனிதர் எவரும் நம் தெருவில் இருக்கமுடியாது என்பது சங்கத்தின் எழுதப்படாத முதல் விதி.

அப்பா போய்ப் பதினாறு வருடமாகிறது. அம்மா எல்வாவுக்கு எண்பத்துநான்கு. கடற்கரை முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கட்டிலுக்கு மேலே ஒரே ஒரு படம்: நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. அப்பா, அம்மா, நடுவில் கழுத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கரும்பூனை. வருடத்தில் முந்நூற்றறுபத்துநாலு நாள் எதற்கும் அசையாத அம்மா, வாசிப்பு விழா அன்று விடிந்ததும் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். தொண்ணூற்றொன்பது பெயருக்கு உட்கார்ந்தே இருப்பாள். கடைசிப் பெயருக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுவாள். வேறெதையும் கேட்டவளில்லை.

போன வருடக் கடைசியில் டாக்டர் ஜோவன் பொதுக்குழுவைக் கூட்டினார்.

"அன்பான கிளைகளே, சுள்ளிகளே, இலைகளே. நாம பெரிய மனுஷங்க வம்சம். அதுக்கு என்ன ஆதாரம்? இத்தனை வருஷமா நாம அப்படிச் சொல்லிக்கிட்டு வர்றோமே, அதுதான் ஆதாரம். ஆனா இப்ப காலம் மாறிப்போச்சு. பலகைய எடுத்துட்டு மின்திரை வைக்கப்போறோம். திரையில ஏறணும்னா ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோப்பு வேணும். வர்ற மே மாசத்துக்குள்ள கோப்பு இல்லாதவங்க இறங்கவேண்டியதுதான். வரலாறுன்னா சும்மாவா?"

கோப்பு தயாரிக்கும் பொறுப்பு வரலாற்றுச் செயலாளர் ஃபிலிடா பென்டோவியிடம் போனது. ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை. பொய் சொல்லத் தெரியாதவர். சங்கத்தில் அது ஓர் ஊனமாகவே கருதப்பட்டது. அவர் பட்டியலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"தலைவரே, கடைசியா ஒரு எல். இருக்காரு. அவருக்குக் கோப்பு இல்ல, முதல் பெயர் இல்ல, தொழில் இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வருஷம் போட்டிருக்கு. இவருக்கு ஒண்ணுதான். ஒண்ணு இவர் பொறக்கல, இல்லாட்டி இன்னும் சாகல."

 பச்சைத் தொப்பி கண் முன்னால் வந்து நின்றது. எழுந்தேன். "டாக்டர், அது எங்கப்பா..."

"கிளை ஏழு உட்காரலாம். உரிமை கோர்றதுன்னா படிவம் ஒன்பது."

படிவம் ஒன்பதை வாங்கி நிரப்பினேன். 'கோரப்படும் பெரியவரின் பெயர்': லென் பென்டோவி. 'புகழுக்கான காரணம், ஐம்பது சொற்களுக்கு மிகாமல்': இந்தப் பலகையை எழுதியவர். நாற்பத்தேழு சொல் மிச்சம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'தங்கள் விண்ணப்பத்தில் நகைச்சுவை தென்படுகிறது. விதி இருபத்திரண்டின்படி நகைச்சுவை ஏற்கப்படமாட்டாது.'

"நெசத்தச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க ரேலீன்."

"நெசம்னு தெரியற மாதிரி சொல்லியிருக்கக்கூடாது. கொஞ்சம் லத்தீன்ல சொல்லியிருக்கணும்" என்றாள் ரேலீன், கேரட்டைத் துருவிக்கொண்டே.

என் விண்ணப்பம் தள்ளுபடியானதும் மற்ற கிளைகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. கிளை இரண்டு, அவர் லான்சலாட் பென்டோவி என்றது. தென்துருவம் போய்த் திரும்பாதவர், 1971-இல்தான் குடும்பத்தார் காத்திருப்பதை நிறுத்தினார்கள். கிளை ஐந்து, எல். என்பது ஆணே இல்லை, லவீனியா, பாசிகளைப் பற்றி ஆராய்ந்தவர் என்றது. டாஸ்மேனியாக் கிளை வழக்கம்போல, அவரும் கைதிதான், எதைத் திருடினார் என்பதை மட்டும் விழாவுக்குள் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று தந்தி போன்ற ஒரு மின்னஞ்சல் அனுப்பியது.

ஃபிலிடா கடமை தவறாதவர். நாற்பது பக்கத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தலைப்பு, 'எல்: ஒரு தொடக்கம்'. அதில் பதினோரு பக்கம் அந்த எழுத்தின் வாலைப் பற்றியது. பூதக்கண்ணாடியோடு ஏணியில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

"இந்தச் சுழியப் பாரு டெஸ். இது சாதாரணக் கை இல்ல. காத்தோட பழகின கை. பெரிய வேகம், ஆனா முடிவுல ஒரு நிதானம்."

"எங்கப்பா கைங்க அது."

"குறுக்க பேசாத தம்பி, ஏணி ஆடுது."

மாநிலக் கடற்கரையோர வாரப் பத்திரிகைக்கு இந்த விஷயம் தெரிந்து, 'யார் இந்த எல்?' என்று முதல் பக்கத்தில் போட்டது. டாஸ்மேனியாவில் ஒரு செய்தித்தாள், 'நம் கைதியை அபகரிக்கிறார்கள்' என்று எழுதியது. அடிலெய்டில் ஒரு வரலாற்றுக் காலாண்டிதழ் ஃபிலிடாவின் கட்டுரைக்கு மறுப்பு வெளியிட்டது. மறுத்தவர் பென்டோவி அல்லாதவர் என்பதால் சங்கத்தில் இரண்டு நாள் கொண்டாட்டம். வெளியாள் ஒருவர் எங்களை மதித்து மறுத்தது அதுவே முதல் தடவை.

அப்புறம் உருவப்படம். திரையில் ஏற முகம் வேண்டுமே. கிளை இரண்டின் லான்சலாட்டையே தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. அடிலெய்டிலிருந்து ஓவியர் வந்தார். மூக்குக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றார். பேரவையே வரிசையில் நின்றது. ஓவியர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கதவோரம் சாவியோடு நின்ற என்னைக் கண்டதும் "இதுதான்! இதுதான் புது நாடு கண்டுபிடிக்கப்போற மூக்கு!" என்று கத்திவிட்டார். நான்கு மதியம் உட்கார்ந்தேன். புல் வெட்டும் வேலை தேங்கிப்போய் கால்பந்து மைதானத்தில் பந்து காணாமல் போனது. படம் முடிந்தபோது பார்த்தால், பனியில் ஒரு மாலுமித் தொப்பியோடு அப்பா நிற்கிறார். அச்சு அசல் அப்பா. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கரடி.

ஃபிலிடா கையைத் தூக்கினார். "தென்துருவத்துல கரடி கிடையாது."

"வாக்கெடுப்புக்கு விடலாம்" என்றார் டாக்டர். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கரடி வென்றது.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. அப்பா பெயர் தப்பான காரணத்துக்காகவாவது திரையில் ஏறிவிடும், அம்மா ஒரு தடவை எழுந்து நின்றுவிடுவாள் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். விழாவுக்கு முந்தின நாள் மதியம், ஃபிலிடா பிரசங்க மேடைக்கு அடியிலிருந்த பெட்டியில் பழைய கூட்டக் குறிப்பேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். 1971, ஏப்ரல். 'பலகை எழுதும் பணியை லென் பென்டோவியிடம் ஒப்படைப்பது. அவரும் நம் பெயர்க்காரர் என்பதால் நன்றாகச் செய்வார். மீன்கடைப் பலகை மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது.'

அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"டெஸ், நீ சொன்னது நெசம்."

"ஆமாங்க."

"அப்ப அவரை நீக்கணும். நான் நாளைக்கு மேடையில சொல்லியாகணும். எனக்கு வேற மாதிரி தெரியாது, தம்பி."

"பொய்யா இருந்தவரைக்கும் வச்சிருந்தீங்க. நெசம்னு தெரிஞ்சதும் தூக்கறீங்க" என்றாள் ரேலீன்.

"அதுதான் ஆராய்ச்சி" என்றார் ஃபிலிடா மிகுந்த வருத்தத்தோடு. போகும்போது இரண்டு பேஸ்டி வாங்கிக்கொண்டு போனார்.

விழா நாள். முதியோர் இல்லத்து வாசலில் பச்சைத் தொப்பி. வண்டியில் ஏறியதும் அம்மா ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வருடம்தோறும் சங்கத்துத் தேநீர் மேசைக்கு அவள் கொடுக்கும் எலுமிச்சை மார்மலேட் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் அவள் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு.

"அம்மா, இன்னிக்கு அப்பா பேரைப் படிக்காமகூடப் போயிடலாம்."

"ஏன்டா?"

"அவர் பெயிண்டர்தான்னு தெரிஞ்சுபோச்சு."

அம்மா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். "அம்பது வருஷமாச்சா அதுக்கு? கெட்டிக்காரங்கதான்."

கூடம் நிரம்பியிருந்தது. புதுத் திரை ஒரு பக்கம் இருட்டாக நின்றது. பலகை இன்னும் சுவரில்தான் இருந்தது. அப்பாவும் கரடியும் துணி போர்த்தி நின்றார்கள். ஃபிலிடா குறிப்பேட்டைத் தூக்கிப் பிடித்து நடந்ததைச் சொன்னார். முனகல் எழுந்தது. டாஸ்மேனியாக்காரர் ஒருவர் "அப்ப எதையுமே திருடலயா?" என்று நொந்துபோய்க் கேட்டார்.

டாக்டர் ஜோவன் எழுந்தார். "அன்பர்களே. இது வேதனையான தருணம். யாரோ ஒரு சாதாரண ஆளுக்காக நாம அம்பத்துமூணு தடவை எழுந்து நின்னிருக்கோம். முழங்கால் போனா போகட்டும், மானம் போச்சே! பெரிய மனுஷங்க பட்டியல்ல வேலை செஞ்சவர் பேர் எப்படி வரலாம்? இந்தப் பெயர் நீக்கப்படுகிறது. ஆட்சேபம்?"

நான் எழுந்தேன்.  "அம்மா வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். "இந்த ஒரு தடவை..."

"கிளை ஏழு, உணர்ச்சி நிகழ்ச்சிநிரல்ல இல்ல. உட்காருங்க."

அப்போது சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. ரேலீன். ஒரு கையில் தேநீர்க் கெண்டி, மறு கையில் சங்கத்தின் விதிப்புத்தகம்.

"ஒட்டு ஒண்ணு கேள்வி கேட்குது, தலைவரே. விதி பதினாலு, நீங்களே கையெழுத்துப் போட்ட விதி. 'ஒருவர் பெரிய மனிதர் என்பதற்கு அத்தாட்சி, சங்கத்துக்கு வெளியே வெளிவந்த மூன்று பத்திரிகைகளில் அவரைப் பற்றி எழுதப்பட்டிருப்பது.' இது சரிதானே?"

"சரி. அதுக்கென்ன?"

"கடற்கரைப் பத்திரிகை ஒண்ணு. டாஸ்மேனியா ரெண்டு. அடிலெய்டு மூணு. எல்லாம் எங்க மாமனாரைப் பத்தித்தானே எழுதியிருக்கு? யாருன்னு தெரியலன்னு எழுதினாலும் அவரைப் பத்தித்தானே?"

 டாக்டர் வாய் திறந்தது. அவர் வாயை முழுசாக உள்ளே பார்த்தது ஊருக்கு அதுவே முதல் தடவை.

"ஃபிலிடா அக்கா," ரேலீன் விடவில்லை, "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இந்த விதிப்படி பலகையில எத்தனை பேர் தேறுவாங்க?"

ஃபிலிடா கோப்புகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ரெண்டு பேர்."

"நூறு பேர்லயா?"

"ஜேகோவ பத்தி ஒரே ஒரு குறிப்பு, அதுவும் வழி கேட்டதா. பம்ப் தாமஸ் மேல மூணு இருக்கு, மூணும் மத்த பாதிக்காரங்க எழுதின மறுப்பு, அதுல பேரே வரல. தேறினது ரெவரென்ட் ஹானிபல். நம்ம தலைவர் பல் மருத்துவப் பத்திரிகைகள்ல அவரைப் பத்தி மூணு கட்டுரை எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் எல்."

டாக்டரின் முகத்தில் பெருமையும் துக்கமும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டன. எல். பெயரை நீக்கினால் விதி போகும். விதி போனால் ஹானிபல் போவார். அவர் விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகினார். தொண்டையைக் கனைத்தார்.

"விதின்னா விதிதான். வரலாறு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கு. அதுக்கு நாம யாரு குறுக்க நிக்க? மத்தவங்க கோப்பு வர்றவரைக்கும், பாசத்தால, வழக்கப்படியே நூறையும் படிக்கிறோம். பலகையும் அங்கேயே இருக்கட்டும்."

படிக்கத் தொடங்கினார். ஜேகோ. நம்ம ஆளு! ஸக்கரையா. நம்ம ஆளு! அம்மா உட்கார்ந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தாள். "ரெவரென்ட் ஹானிபல் பென்டோவி" என்று டாக்டர் குரல் உடைந்தபோது, அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"அப்புறம் சொல்றேன்."

"எல். பென்டோவி" என்றார் டாக்டர். கொஞ்சம் நிறுத்தி, ஏதோ பல்லைப் பிடுங்குவதுபோல, "பலகை எழுதியவர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்து எழுந்தாள். கூடமே எழுந்தது. சமையலறைக்குள் ஒட்டுகளும் எழுந்தார்கள். "நம்ம ஆளு!" அன்றைக்கு வந்த சத்தத்தில் அப்பாவின் மேலிருந்த துணி நழுவி விழுந்தது.

"லென் பக்கத்துல எதுக்குடா கரடி?" என்றாள் அம்மா.

தேநீர் நேரத்தில் சுவரோரம் அவளை உட்காரவைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பா அந்தப் பலகைய எழுதவே இல்லடா. அந்த வாரம் ரொட்டிக்கடை வாசல்ல தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. வேலைய விட்டுக்கொடுக்க மனசில்ல. அவர் கீழ நின்னு பேரைப் படிச்சாரு, நான் ஏணியில நின்னு எழுதினேன். எட்டு நாள்."

நான் நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன்.

"கையெழுத்து நீயே போடுன்னாரு. ஒட்டோட பேரைப் போட்டா விடுவாங்களா? அவர் பேரைப் போட்டேன். ஆனா என் கையெழுத்துல போட்டேன்."

அதனால்தான் வருடா வருடம் தொப்பி. அப்பாவுக்காக எழுந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். பாதி அப்படித்தான்.

"சரி, ஹானிபலுக்கு எதுக்கும்மா சிரிச்ச?"

"பாதியில உங்கப்பாவுக்கு ஒரு தும்மல் வந்துச்சு. நான் ஒரு கோடு தள்ளி எழுதிட்டேன். இறங்கிப் பார்த்தா நடுவுல ஒரு கோடு காலி, கீழ பன்னெண்டு பேர் காய்ஞ்சுட்டாங்க. பல்லு போன வாய் மாதிரி இருக்குன்னாரு உங்கப்பா. ஒரு பேர் போட்டு அடைச்சிரலாம்னு சுத்திப் பார்த்தேன். நம்ம பூனைதான் படியில படுத்திருந்துச்சு."

கட்டிலுக்கு மேலிருக்கும் படம் நினைவுக்கு வந்தது. கறுப்பு. கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை.

"ரெவரென்ட்...?"

"பாதிரியார் மாதிரி கழுத்துப் பட்டை இருந்துச்சே. ரெவரென்ட் ஹானிபல்னுதான் கூப்பிடுவோம்."

நான் இருமிய இருமலில் தேநீர் சட்டையெல்லாம் கொட்டியது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஜோவன் எங்களை நோக்கி வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. அம்மாவுக்கு எதிரில் குனிந்து, ஒட்டு என்றும் பாராமல், அவள் கையைப் பிடித்தார்.

"எல்வாம்மா, நான் பேசினதுல தப்பு இருந்தா மன்னிக்கணும். ஐந்நூறு வருஷத்துல ரெண்டே பேர். எங்க ஹானிபல், உங்க லென். நினைச்சா எனக்கு என்னவோ பண்ணுது."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர். ஆனால் மோதிரத்தைத் தடவிக்கொண்டு நின்ற அந்த எழுபது வயது முகத்தைப் பார்த்தால், எழுந்து நின்றவரை எப்படி உட்காரச் சொல்வது?

அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தவங்க மாதிரிதான்பா."

"அழகாச் சொன்னீங்க" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரே வம்சம்."

பக்கத்து மேசையில் ஃபிலிடா, களைப்போடு ஒரு ஸ்கோனை இரண்டாகப் பிளந்து, அம்மாவின் மார்மலேட் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாற்பது பக்கக் கட்டுரை முழங்கைக்கு அடியில் விரிந்து கிடந்தது. மேலே அந்த எழுத்தின் பெரிதாக்கிய படம். அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி ஜாடியின் சீட்டு. ஆங்கிலத்தில் 'லெமன்'. எல்லின் வால், பூனை வால் மாதிரி சுருண்டு கிடந்தது. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாட்டு மேசையில் அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

ஃபிலிடா கத்தியை ஜாடிக்குள் விட்டு, தாராளமாக வழித்துத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல, டெஸ்" என்றார், வாய் நிறைய. "லென் எழுதின மீன்கடைப் பலகை, ரொட்டிக்கடைப் பலகை எல்லாம் பார்த்துட்டேன். இந்த வால் வேற எங்கேயுமே இல்ல. இது எங்கிருந்து வந்திருக்கும்னு நினைக்கிற?"

அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு ஜாடி இருக்கு, எடுத்துக்கோம்மா" என்றாள்.